மூன்று ஆள் ஆழத்தில் அணைந்த விளக்கு

அண்ணா,

இன்று காலை கடையைத் திறந்தால், அலமாரியில் இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளை வெளேரென்று உறைந்து நிற்கிறது. மார்கழி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாட்டிலை எடுத்துப் போய் வாசலில் வெயில் விழும் இடத்தில் வைத்துவிட்டு, செம்புக் கம்பிக் காயில் சுற்ற வேண்டிய மோட்டாரின் முன்னால் வந்து உட்கார்ந்தேன். கை வேலையில் போகவில்லை. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. போன மார்கழியில் நீங்கள் பைக்கை நிறுத்திவிட்டு, நான் செய்து கொடுத்த டார்ச்சைத் தூக்கிப் பிடித்தபடி கடைக்குள் வந்தீர்களே, அது நினைவுக்கு வந்தது. "அம்மிணி, உங்க டார்ச்சுக்குச் சளி புடிச்சுருச்சுங்க" என்றீர்கள். உள்ளே நிறைத்திருந்த தேங்காய் எண்ணெய் கட்டிப் போய், விளக்கு எரிந்தும் எரியாத மாதிரி ஒரு மங்கல். இரண்டு பேரும் அதை வெயிலில் வைத்து, உருகும்வரை டீ குடித்தோம்.

சிரித்து முடித்ததும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. ரிப்பேர் முடிந்த மோட்டாரில் கட்டும் அட்டையில், 'காயில் புதுசு, புஷ் மாற்றியது' என்று எழுதுவதோடு சரி. ஆனால் நீங்கள் இருந்தபோது செய்யாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் செய்துவிட்டேன் என்றும், செய்ததில் ஒரு பாதி உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம் என்றும் தெரிவிக்க வேண்டும்.

நாம் பழகியது ஆறு வருடம். எப்படிப் பழகினோம் என்று யோசித்தால், எல்லாம் கிணற்றில் விழுந்த மோட்டார்கள் சேர்த்து வைத்த பழக்கம்தான். வெண்ணந்தூரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மைலில் யார் கிணற்றில் மோட்டார் கயிறு அறுந்து விழுந்தாலும், உங்களுக்குத்தான் போன் வரும். நீங்கள் மூச்சை அடக்கி இறங்கி, தடவிக் கண்டுபிடித்து, கயிறு கட்டி மேலே ஏற்றிக் கொடுப்பீர்கள். அத்தோடு போய்விட மாட்டீர்கள். நனைந்த வேட்டியோடு மோட்டாரையும் கிணற்றுக்குச் சொந்தமான காட்டுக்காரரையும் நேராக என் வைண்டிங் கடைக்குக் கூட்டி வருவீர்கள். "பேசண்டு வந்திருக்குதுங்க" என்பீர்கள். என் வீட்டுக்காரர் வருடத்தில் பத்து மாதம் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருப்பவர். கடையில் நான் மட்டும்தான். ஆரம்பத்தில் வருகிற காட்டுக்காரர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆம்பளை யாரும் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். எனக்குச் சுள்ளென்று வரும். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொள்வீர்கள். "ஆம்பளை சுத்துன காயில்தானுங்க எரிஞ்சு வந்திருக்குது. குடுங்க, குடுங்க."

எனக்கு வாய் அதிகம் என்று ஊரே சொல்லும். நீங்கள் சொன்னதில்லை. உங்களுக்கு வாய் குறைவு. காது அடைத்துப்போய், தலையை ஒரு பக்கம் சாய்த்துத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள். நான் பேசுவதில் பாதி உங்களுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்து அந்த வாயை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, எல்லாமே கேட்டிருக்கிறது என்று.

டார்ச் வேண்டும் என்று நீங்கள் கேட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆனி மாதம், மத்தியானம். கடை வாசலில் ஆள் இல்லை. தண்ணிக்குள் கொண்டு போகிற மாதிரி ஒரு டார்ச் செய்ய முடியுமா என்றீர்கள். எனக்கு ஆச்சரியம். இத்தனை வருடம் கையால் தடவியே எடுத்தவருக்கு இப்போது எதற்கு வெளிச்சம்? கண் மங்குகிறதா என்று கிண்டல் செய்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"மேல பத்தடிக்குப் பச்சையா இருக்குமுங்க. அப்பறம் கறுப்பு. கண்ணை மூடுனாலும் தொறந்தாலும் ஒண்ணுதான். அது எனக்குப் பழக்கந்தான். இப்ப முடியறதில்லீங்க" என்றீர்கள்.

அதற்கு முந்தைய வருடம் பக்கத்து ஊரில், துணி துவைக்கக் கிணற்றுப் படியில் இறங்கிய பெண் ஒருத்தி கால் வழுக்கி விழுந்துவிட்டாள். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் உங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீங்கள் அவள் உடலை எடுத்து வந்தது எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். உங்களைப் பாராட்டிப் பேசினார்கள். கீழே நடந்தது யாருக்கும் தெரியாது. அதை டார்ச் கேட்ட அந்த மத்தியானம்தான் எனக்குச் சொன்னீர்கள்.

"கைக்கு மொதல்ல முடிதானுங்க தட்டுப்பட்டுச்சு. பாசின்னு நெனச்சுட்டேன். பாசின்னு நெனச்சு உதறிட்டேனுங்க அம்மிணி. மேல வந்து மூச்சு வாங்கிட்டு, மறுக்கா போயித்தான் புடிச்சேன்."

அதன்பிறகு எந்தக் கிணற்றில் இறங்கினாலும், கையில் பாசி பட்டால் உடம்பு உதறுகிறது என்றீர்கள். ஒரு தடவை மோட்டாரைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த பாசிக்குப் பயந்து வெறுங்கையோடு மேலே வந்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டால் பயம் இருக்காது, பாசி பாசிதான் என்று தெரிந்துவிடும், அதற்குத்தான் வெளிச்சம் என்றீர்கள். "ஊட்ல சொல்லலீங்க. சொன்னா எறங்க உடமாட்டா. நீங்களும் யாருகிட்டயும் சொல்லீறாதீங்க." நான் தலையாட்டினேன். என்னை நம்பி ஒருவர் இப்படிச் சொன்னது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

டார்ச்சை நான் ஆசையாகத்தான் செய்தேன். ஒன்றரை இஞ்சு பி.வி.சி. குழாயில் ஒரு சாண் வெட்டி, பின்பக்கம் மூடி வைத்துப் பசை போட்டு ஒட்டினேன். பழைய டார்ச் ஒன்றைப் பிரித்து, அதன் எல்.இ.டி. தட்டையும் பாட்டரியையும் உள்ளே பொருத்தினேன். முன்பக்கத்துக்கு ராசிபுரத்தில் கண்ணாடிக் கடைக்காரரிடம் வட்டமாக அறுத்து வாங்கிய கண்ணாடி. அதற்குக் கீழே மோட்டாருக்குப் போடுகிற ரப்பர் வளையம், வளையத்துக்குக் கிரீஸ். சுவிட்சுக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அமுக்கினால் எரியும், மறுபடி அமுக்கினால் அணையும் வகைச் சுவிட்சு. குழாயில் ஓட்டை போட்டு அதை உட்கார வைத்து, மேலே சைக்கிள் டியூபை வெட்டிப் போர்த்தி, இரண்டு பக்கமும் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். ரப்பருக்கு மேலேயே விரலால் அமுக்கிக்கொள்ளலாம். உள்ளே தண்ணீர் போகிறதா என்று தெரிய, மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்றையும் போட்டு மூடினேன். வாளியில் ஒரு பகல் முழுக்கக் கிடந்தது. கடைக்குப் பின்னால் இருக்கிற சிமெண்டுத் தொட்டியில் இரண்டு பகல். பிரித்துப் பார்த்தால் காகிதம் மொறமொறவென்று இருந்தது. தண்ணீருக்குள் வேலை செய்யும் மோட்டாருக்கே காயில் சுற்றுகிறவள் நான், எனக்கு ஒரு டார்ச் பெரிய காரியமா என்று உங்களிடம் ஜம்பமாகச் சொன்னேன்.

ஆவணியில் அந்த மரவள்ளிக் காட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. அந்த வருடம் ஆடியிலேயே நல்ல மழை. கிணற்றில் தண்ணீர் ஏறி நின்றது. மோட்டார் கயிறு அறுந்து அடியில் கிடந்தது. டார்ச்சின் முதல் இறக்கம் என்பதால் நானும் வந்தேன். வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பத்துப் பேர் வந்துவிட்டார்கள். எனக்கு அதுவும் பிடித்திருந்தது. என் கை வேலையை நாலு பேர் பார்க்கப் போகிறார்கள் அல்லவா.

நீங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு முங்கினீர்கள். தண்ணீருக்குள் ஒரு மஞ்சள் வட்டம் இறங்குவது மேலிருந்து தெரிந்தது. எல்லாரும் 'ஓ' என்றார்கள். பிறகு வட்டம் காணாமல் போனது. ஆழம் போய்விட்டீர்கள் என்று நினைத்தேன். சட்டென்று மேலே வந்துவிட்டீர்கள். கையில் கயிறு அப்படியே இருந்தது.

"லைட்டு அணைஞ்சு போச்சுங்க அம்மிணி."

வாங்கிப் பார்த்தேன். அமுக்கினேன், எரிந்தது. கொடுத்தேன். மறுபடி போனீர்கள், மறுபடி அதேபோல வந்தீர்கள். "அணைஞ்சுருதுங்க. அமுக்கி அமுக்கிப் பாத்தேன், எரிய மாட்டேங்குது." உங்கள் உதடு நடுங்கியது. தண்ணீரின் குளிர் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும். தெரிந்தும் நான் என்ன செய்தேன்? கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க டார்ச்சைப் பிரித்தேன். காகிதத்தை எடுத்து உதறிக் காட்டினேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. காட்டுக்காரர், "ஏம் அம்மிணி, உங்க டார்ச்சு வேலைக்காகாதாட்ட இருக்குது" என்றார். அதுதான் என்னைக் குத்திவிட்டது. என் வேலையைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது.

"டார்ச்செல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஒரு சொட்டுத் தண்ணி போகலை. அண்ணந்தான் இருட்டுக்குப் பயந்துட்டு, கை பதறி அவரே அணைச்சுட்டு வந்துட்டாராட்ட இருக்குது."

பத்துப் பேரும் சிரித்தார்கள். கிணற்றில் விழுந்ததையெல்லாம் எடுக்கிறவர் இருட்டுக்குப் பயப்படுகிறார் என்றால் சிரிக்க மாட்டார்களா? நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். டார்ச்சை மேட்டிலேயே வைத்துவிட்டுக் கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு முங்கினீர்கள். வெகுநேரம் ஆனது. கட்டிவிட்டு வந்தீர்கள். மோட்டாரை மேலே இழுத்தபோது அதன்மேல் பாசி கொத்தாகத் தொங்கியது. அதைக் கையால் வழித்துப் போட்டது நீங்கள்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு அந்த மோட்டாரோடு நீங்கள் கடைக்கு வரவில்லை. அடுத்த மோட்டாருக்கும் வரவில்லை. காட்டுக்காரர்கள் வந்தார்கள். "அவருதான் உங்க கடைக்குப் போகச் சொன்னாருங்க" என்றார்கள். என்மேல் இருந்த வருத்தத்தை என் தொழில்மேல் நீங்கள் காட்டவில்லை. இரண்டு மாதம் எனக்குச் சோறு ருசிக்கவில்லை. போனில் உங்கள் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு, அமுக்காமலே கீழே வைப்பேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால், டார்ச்சில்தான் தப்பு என்று எனக்கு முதலில் தெரிய வேண்டும் அல்லவா? தெரியாமல் கேட்டால் பொய்யாகிவிடும் என்று நினைத்தேன். இதுவும் ஒரு சாக்குத்தான். பயந்தீர்களோ இல்லையோ, நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பதற்கு டார்ச்சைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமனார் தோட்டத்துக் கிணற்றுக்கு டார்ச்சை எடுத்துப் போனேன். நல்ல வெயில், தெளிந்த தண்ணீர். டார்ச்சோடு ஒரு கல்லைச் சேர்த்துக் கட்டி, விளக்கைப் போட்டு, கயிற்றில் மெல்ல விட்டேன். ஒரு ஆள் ஆழம், எரிந்தது. இரண்டு ஆள் ஆழம், எரிந்தது. மூன்று ஆள் ஆழத்தை எட்டியபோது, யாரோ விரல் வைத்து அமுக்கியது போல டக்கென்று அணைந்தது. மேலே இழுத்தேன். சொட்டுத் தண்ணீர் உள்ளே இல்லை. அமுக்கினால் எரிந்தது. மறுபடி விட்டேன். அதே இடத்தில் அணைந்தது. நாலு தடவை விட்டேன், நாலு தடவையும் அதே இடம். ஐந்தாவது தடவை விடவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர்தான் அமுக்கியிருக்கிறது. ஆழம் போகப் போகத் தண்ணீரின் கனம் ரப்பரை உள்ளே தள்ளுகிறது. ரப்பருக்குப் பின்னால் இருப்பது வெறும் காற்று. அது குறுகிக் கொடுக்கும். ரப்பர் போய்ச் சுவிட்சில் உட்காரும். அங்கே நீங்கள் எத்தனை தடவை அமுக்கினாலும் எரியாது, ஏனென்றால் ஏற்கெனவே அமுங்கித்தான் இருக்கிறது. வாளியிலும் தொட்டியிலும் அந்தக் கனம் இல்லை. மூன்றடித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு, முப்பதடியில் இறங்கியவரைப் பயந்தவர் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கே உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மனைவி பின்பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் வாசலில் கயிற்றைப் பிரித்து வெயிலில் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். சுவிட்சு, ரப்பர், மூன்று ஆள் ஆழம். நீங்கள் கயிற்றை விடாமல் கேட்டீர்கள்.

"தெரியுமுங்க" என்றீர்கள். "காது அடைக்கிற எடத்துலதான் ரெண்டு தடவையும் அணைஞ்சுது. என்ற காதை அமுத்துன தண்ணிதான் அதையும் அமுத்தியிருக்குமுன்னு அங்கயே தோணுச்சு."

"அப்பறம் ஏனுங்ணா அங்கயே சொல்லலை? அத்தனை பேரு சிரிச்சாங்களே!"

"லைட்டு போனதும் பயந்தது நெசந்தானுங்க அம்மிணி. நீங்க சொன்னதுல பாதி பொய்யி, பாதி நெசம். எதைன்னு பிரிச்சுச் சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் காட்டுக்காரர் வீட்டுக்கே போய், அன்றைக்கு இருந்தவர்களைக் கூட்டி, தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். நீங்கள் கையை ஆட்டிவிட்டீர்கள். "அதெல்லாம் வேண்டாமுங்க. லைட்டைச் சரி பண்ணுங்க, போதும்." எனக்கு அது வசதியாகப் போயிற்று என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். நீங்களே வேண்டாம் என்றுவிட்டீர்கள் என்று சொல்லிக்கொண்டு, டார்ச்சை மட்டும் சரிசெய்தேன். நான் விட்ட வார்த்தை அந்தப் பத்துப் பேரிடம் அப்படியே கிடந்தது.

சரிசெய்ய வழி சொன்னதும் நீங்கள்தான். நான் ரப்பரைக் கனமாக்கலாம், சுவிட்சுக்கு மேலே கிண்ணம் வைக்கலாம் என்று என்னென்னவோ செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் கடையில் நீங்கள் உட்கார்ந்திருந்தபோது, ஒரு காட்டுக்காரரிடம் மோட்டாரைக் கொடுத்து, எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னேன்: எறக்கறதுக்கு முன்னால மோட்டாருக்குள்ள நல்ல தண்ணி நெறைச்சுக்குங்க, காத்துக் குமிழி ஒண்ணுகூட இருக்கப்படாது. அவர் போனதும் நீங்கள் கேட்டீர்கள்.

"மோட்டாருக்குள்ள நீங்களே தண்ணி ஊத்தி அனுப்பறீங்க. டார்ச்சுக்குள்ள மட்டும் காத்தை வெச்சு அடைக்கறீங்க. மோட்டாருக்கு ஒரு ஞாயம், டார்ச்சுக்கு ஒரு ஞாயமுங்களா?"

இருபது வருடமாக நான் செய்கிற வேலை அது. உள்ளே நிறைந்திருந்தால் வெளியே இருக்கிற தண்ணீர் நசுக்க இடம் இருக்காது. டார்ச்சுக்குத் தண்ணீர் ஆகாது, பாட்டரி வீணாகும். எண்ணெய் ஊற்றலாம். கடையில் என் தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயை அப்படியே ஊற்றி, தட்டித் தட்டிக் குமிழியெல்லாம் போக்கி மூடினோம். வெளிச்சம் கொஞ்சம் பரந்து மங்கியது. ஆனால் மாமனார் கிணற்றில் அடிவரை விட்டும் அணையவில்லை. நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "எரியுதுங்க, எரியுதுங்க" என்றீர்கள். மார்கழியில் சளி பிடித்த பிறகு தையல் மெஷின் எண்ணெய்க்கு மாறினோம். அது ரப்பரை ஊதச் செய்யும், மாதம் ஒரு தடவை டியூபை மாற்ற வேண்டும். அந்தச் சாக்கில் மாதம் ஒரு தடவை வந்து, பழையபடி காதைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு தடவை நானே கேட்டேன், இப்போது எப்படி இருக்கிறது என்று. "பயம் போகலீங்க. ஆனா பாசியப் பாத்தா பாசின்னு தெரியுது. அது போதுமுங்க" என்றீர்கள்.

சித்திரையில் காய்ச்சல் வந்தது. தண்ணியில் கிடக்கிறவனுக்குச் சளி சாதாரணம் என்று நாலு நாள் நீங்களே கஷாயம் குடித்திருக்கிறீர்கள். அது நெஞ்சில் இறங்கிவிட்டது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். ஒரு தடவை வந்து பார்த்தேன். மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். எத்தனை அடியில் இருந்தாலும் மூச்சை அடக்குகிற மனிதர், படுக்கையில் மூச்சுக்கு அப்படித் தவித்ததை என்னால் நின்று பார்க்க முடியவில்லை. நாளைக்கு வாரேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நாளைக்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள்.

துக்கம் விசாரிக்க ஐந்தாம் நாள் வந்தேன். பந்தலில் ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மரவள்ளிக் காட்டுக்காரரும் இருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உங்களைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக அதுவும் வந்துவிட்டது.

"அத்தனை தைரியசாலி, ஒருக்கா எங்க கெணத்துல பயந்துட்டாப்லீங்க. டார்ச்சைத் தானே அணைச்சுட்டு மேல வந்துட்டாப்ல. இந்த அம்மிணிதான் கண்டுபுடிச்சுச் சொல்லுச்சு."

இரண்டு மூன்று பேர் லேசாகச் சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரிக்கிற சிரிப்பு. கதவோரம் உங்கள் மனைவி நின்றிருந்தார். கேட்டுவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது.

நான் பந்தலுக்கு நடுவில் போய் நின்றேன். "அவரு அணைக்கலீங்க. நான் கட்டுன சுவிட்சைத் தண்ணி அமுத்தி அணைச்சுது. எங்க மாமனார் கெணத்துல நாலு தடவை விட்டுப் பாத்தேன். தப்பு என்னுதுதானுங்க. என்ற வேலையக் கொறை சொன்னீங்கன்னு ரோசப்பட்டு, அத்தனை பேருக்கு முன்னால அவரு மேல பழியப் போட்டுட்டேன்" என்றேன். காட்டுக்காரர், "உடு அம்மிணி, இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றார். இப்போதுதான் வேண்டும் என்று சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு வெட்கமோ, எனக்காக வெட்கமோ தெரியாது.

உங்கள் மனைவி என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். சமையல் கட்டில் வேறு யாரும் இல்லை.

"நெசத்தைச் சொல்லுங்க்கா. அவிய பயந்தாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வெளியே சொன்னதற்கு அதுதான் பொருத்தமாக இருந்திருக்கும். உங்களுக்குக் கொடுத்த வாக்கும் நின்றிருக்கும். ஆனால் அவர் கேட்ட விதம் வேறு மாதிரி இருந்தது. உங்கள் தைரியத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. பல நாளாக அவருக்குள்ளேயே இருந்த எதையோ கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்ணை எடுத்தது, முடி கையில் பட்டது, பாசி என்று நினைத்து உதறியது, அதற்குப் பிறகு ஒவ்வொரு கிணற்றிலும் பயந்துகொண்டேதான் இறங்கினீர்கள் என்பது வரைக்கும்.

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருசமுங்க்கா. தலைக்குத் தண்ணி ஊத்திட்டு முடியை விரிச்சுப் போட்டு உக்காந்தா, எந்திரிச்சு வெளிய போயிருவாங்க. 'முடிஞ்சுட்டு வா'ம்பாங்க. ஒருக்கா பக்கத்துல படுத்திருக்கறப்ப என்ற முடி அவிய கை மேல பட்டுருச்சு. வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாங்க. என்னையப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டனே, ஆஸ்பத்திரில இருந்தப்பகூட அதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தனே" என்று வாய்விட்டு அழுதார். ஐந்து நாளில் அப்படி அவர் அழவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அண்ணா, நீங்கள் என்னை நம்பி ஒரே ஒரு விஷயம் சொன்னீர்கள். அதை நான் இரண்டு தடவை வெளியே விட்டுவிட்டேன். முதல் தடவை, என் வேலையின் பெருமையைக் காப்பாற்றிக்கொள்ள, உங்களைப் பத்துப் பேர் சிரிக்க விட்டேன். அதற்கு உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். உயிரோடு இருக்கும்போது ஊர் நடுவில் கேட்டிருக்க வேண்டும். கேட்காத அந்தக் குறை என்னோடுதான் இருக்கும். எந்த மோட்டாரைப் பிரித்தாலும், கீழே என்ன நடந்தது என்று இறங்கியவரிடம்தான் இப்போது முதலில் கேட்கிறேன்.

இரண்டாவது தடவை, உங்கள் மனைவியிடம் சொன்னதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.